வலிக்காமல் ஆடும் பல்



சென்ற மாதம் நமது பல் பிரிவுக்கு ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா வந்தார்கள். முன்பற்கள் இரண்டு ஆடின. சொத்தை இல்லை, வலியும் இல்லை. "வலிக்கவே இல்லையே டாக்டர், பிறகு ஏன் ஆடுது?" என்றார்கள். பல வருடங்களாகவே பல் துலக்கும்போது இரத்தம் கசிந்ததாம். பயந்துபோய் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டார்கள். நோய்க்கு அதுவே வசதியாகிவிட்டது.

1683-ல் ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், தம் பல்லிடுக்கிலிருந்த வெள்ளைப் படிவைத் தாம் செய்த லென்ஸில் பார்த்து, சின்னஞ்சிறு உயிர்கள் ஓடுவதைக் கண்டார். வினிகர் மேலே இருந்தவற்றைக் கொன்றது. படிவின் உள்ளே எட்டவில்லை என்பதையும் கவனித்தார். வாய் கொப்பளிக்கும் மருந்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு இதை அடிக்கடி சொல்லுகிறேன்.

வாயில் கிருமிகள் எப்போதும் உண்டு, பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் படிவை அகற்றாமல் விட்டால் அது காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலக, இடையில் ஒரு பை உண்டாகிறது. நல்ல ஈறில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இராது. அந்த அம்மாவுக்கு 7. காற்றுப் புகாத அந்தப் பைக்குள் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பொல்லாத கிருமிகள் பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க தேவன் நம் இரத்தத்தில் வைத்திருக்கும் காவல் அணுக்கள் திரண்டு வருகின்றன. போர் வருடக்கணக்கில் நீடித்தால், பல்லைத் தாங்கும் நம் எலும்பே அதில் கரைந்துபோகிறது.

எல்லாருக்கும் அப்படி ஆகுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளிகளை 1970 முதல் பல வருடங்கள் பரிசோதித்த ஆய்வு 1986-ல் வெளிவந்தது. அவர்களுக்குப் பல் சிகிச்சையே கிடைத்ததில்லை. எல்லாருடைய பல்லிலும் படிவு, ஈறில் வீக்கம். ஆனாலும் 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 பேருக்கு மிதமாக. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. (சிகிச்சையில்லாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று அறிவதே நோக்கமாம். வாசிக்கையில் மனம் சங்கடப்படுகிறது.) கிருமி இல்லாமல் இந்நோய் இல்லை, ஆனால் எவ்வளவு அழிவு என்பதை அவரவர் உடலும் தீர்மானிக்கிறது. புகைபிடிப்பதும் கட்டுப்படாத சர்க்கரையும் அழிவை அதிகமாக்கும். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

மாத்திரை மட்டும் கேட்டார்கள். மாத்திரை காரையை அகற்றாது. "காரையைச் சுரண்டினால் பல் ஆடிவிடும் என்கிறார்களே" என்றும் தயங்கினார்கள். காரை பல்லைப் பிடித்திருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவே. எலும்பைக் கரைப்பதற்கு இடம் கொடுப்பதே அதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, வேர்வரை சுத்தம் செய்தோம். ஒரு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றது நிற்கிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. இருப்பதைக் காக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். சர்க்கரைக்கும் மருந்து தொடங்கியாயிற்று. ஈறு ஆறினால் சர்க்கரையும் ஓரளவு கட்டுப்படுவதுண்டு.

துணைக்கு வந்த மகளுக்கும் ஈறில் இரத்தம் கசிந்தது. அவளுக்கு எலும்பு இன்னும் கரையவில்லை. காரையை எடுத்து, இரத்தம் வரும் இடத்தையே மிருதுவான பிரஷ்ஷால் துலக்கப் பழக்கினோம். இரண்டு வாரத்தில் கசிவு நின்றது. தாயார் மறுமுறை தவறாமல் வர ஜெபித்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறி வர அவர்களுக்கு அரைநாள் கூலி போகிறது.