பள்ளிக்கூடக் கட்டட வேலையும் பாஸுக்கு வராத காசும்

நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று மேசன் வேலை, பெயின்ட் வேலை என்று வெளியில் போகிறார்கள். சிலர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சின்னக் கொந்தராத்தும் எடுக்கிறார்கள். பள்ளிக்கூட வேலை என்றால், "அரசாங்கத்துக் காசு, எங்க போயிரப் போகுது?" என்று ஒரு நம்பிக்கை. ஆனால் வேலை முடிந்து மாதக்கணக்கில் காத்திருந்து, வீட்டு நகையை அடகு வைத்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பாஸ்மாரும் உண்டு. ஏன் இப்படி?

காசு வரும் வழி

அரசாங்கம் ஒப்பந்தம் செய்வது பெரிய கொந்தராத்துக்காரரோடுதான். அவர் ஒரு பகுதி வேலையை உங்களுக்குத் தருகிறார். முடிந்த வேலையை அதிகாரிகள் அளந்து, பில்லைச் சரிபார்த்து, திறைசேரிப் பணம் வந்த பிறகே அவருக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் முறை. எந்த இடத்தில் தடைப்பட்டாலும் கடைசியில் நிற்பவருக்கே அடி. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரசாங்கக் கட்டட வேலைகள் பல பாதியில் நின்றன. பில்களும் தேங்கிப்போயின.

பிடித்து வைக்கும் காசு

குறை இருந்தால் திருத்துவதற்காக ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். உதாரணமாக, 200,000 ரூபா வேலையில் 10 வீதம் பிடித்தால் 20,000 ரூபா. உங்கள் இலாபமே அவ்வளவுதான் இருக்கும்! அது முழுதாகக் கைக்கு வர ஒரு வருஷம்கூட ஆகலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வாய்ப்பேச்சில் வேலை எடுக்க வேண்டாம். சதுர அடிக்கு எவ்வளவு, எப்போது காசு, எவ்வளவு பிடிப்பு என்று எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள்.

2. கொழுந்து நிறுத்ததும் கிலோவைப் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல, பூச்சு மூடுவதற்கு முன்பே வேலையை அளந்து, திகதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள்.

3. கூலிக்கு மட்டும் வேலை எடுப்பது நல்லது. சீமெந்தும் கம்பியும் கடனுக்கு வாங்கிப் போட்டால், பில் தாமதிக்கும்போது கடைக்காரர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

4. முதல் பில் வராமல் அடுத்த மாடிக்கு ஏற வேண்டாம்.

5. பேசித் தீராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். சிறிய தொகைப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம்.

நாட்சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு

"பில் வரல்ல" என்பது உங்கள் சம்பளத்தை நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. சம்பளம் கொடுப்பது உங்களை வேலைக்கு அமர்த்தியவரின் கடமை. ஈ.பி.எப். பணத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஈ.டி.எப். 3 வீதத்தையும் அவரே கட்ட வேண்டும். வேலை செய்த நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். சம்பளம் கிடைக்காவிட்டால் அந்தக் கொப்பியோடு தொழில் அலுவலகத்துக்குப் போய் முறையிடலாம்.

யோசித்துப் பாருங்கள்: உங்கள் வீட்டில் கட்டட வேலைக்குப் போகிறவரிடம் இன்று எழுத்தில் என்ன இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.