பழைய ஒலியும் புதிய கைகளும்

நுழையும் முன்
எழுதி வைத்தால் சொல் நிலைக்கும். ஒலி எவ்வாறு நிலைக்கும்? இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மாணவர்களே! திருவனந்தபுரத்தின் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்து கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் பத்மநாபசுவாமி கோவிலையும் அதனருகே நவராத்திரி மண்டபத்தையும் காணலாம். நவராத்திரியின் ஒவ்வொரு மாலையிலும் அம்மண்டபத்தில் சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) இயற்றிய கீர்த்தனை ஒன்று முதன்மையாகப் பாடப்படும். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என ஒன்பது நாள்களுக்கும் இராகங்கள் வகுக்கப்பட்டுள்ளன. கேட்போர் கைதட்டுவதில்லை. பாடுவோர் மாறுகின்றனர்; முறை மாறுவதில்லை.

பழைய இசையை அதன் முறை பிறழாமல் மீண்டும் ஒலிக்கச் செய்யும் இவ்வார்வம் கோவில் இசைக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டு ராக் இசையிலும் உண்டு. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ‘தி ஷாடோஸ்’ குழுவினர் ‘அப்பாச்சி’ என்னும் இசையை வெளியிட்டனர். அதில் பாடுவோர் இல்லை. கிதார்களும் டிரம்ஸ் கருவியுமே பேசின. முதன்மைக் கிதாரை வாசித்தவர் ஹாங்க் மார்வின். இன்று அக்குழுவின் இசையை அன்று ஒலித்தவாறே மேடையில் வாசிக்கும் குழுக்கள் பல உள்ளன. இவற்றைப் ‘புகழ்வணக்க இசைக்குழுக்கள்’ எனலாம்.

சுரங்களை அறிந்தால் போதாதா? போதாது. மார்வின் ஒருமுறை கம்பியை மீட்டினால் அவ்வொலி அடுத்தடுத்துப் பலமுறை கேட்கும். அதற்குக் காரணம் எதிரொலிக் கருவி. அதனுள் காந்த நாடா இடைவிடாது சுழலும். ஒரு முனை ஒலியைப் பதியும். அடுத்துள்ள முனைகள் நொடியின் சிறுபகுதி கழித்து அதனைத் திரும்ப ஒலிக்கும். முனைகளின் இடைவெளி மாறினால் எதிரொலியின் நடையும் மாறும். கிதாரிலுள்ள சிறு கைப்பிடியை அசைத்தால் சுரம் குழையும். நம் இசையின் கமகத்தை அது நினைவூட்டும். வெற்றிடக் குழாய் பொருத்திய பழைய ஒலிபெருக்கியோ ஒலிக்குத் தனி நிறம் தரும். இவையனைத்தும் கூடினால்தான் அந்தப் பழைய ஒலி பிறக்கும். ஆகவே இக்குழுவினர் பழைய கருவிகளைத் தேடிச் செப்பனிடுகின்றனர். பழைய பதிவுகளை மீண்டும் மீண்டும் கேட்டுச் செவியைப் பழக்குகின்றனர்.

தமிழகத்து மெல்லிசைக் குழுக்களின் உழைப்பும் இத்தகையதே. கோவில் திருவிழாவில் திரைப்பாடலின் முன்னிசை தொடங்கியதும், பாடகர் வாய்திறக்கும் முன்பே, இன்ன பாட்டென்று கூட்டம் கண்டுகொள்கிறது. புல்லாங்குழல் ஓரிடத்தில் தவறினாலும் முன்வரிசைப் பெரியவர் முகம் சுளிப்பார். அவர் செவியில் அப்பாட்டு முன்பே குடியிருக்கிறது.

இஃது வெறும் போலச் செய்தலா எனச் சிலர் வினவக்கூடும். குழந்தை பேசக் கற்பதும் போலச் செய்தே அன்றோ? பழவங்காடி என்னும் பெயரிலுள்ள ‘ழ’கரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் வரிவடிவத்தை ஏட்டைக் கண்டு கற்கலாம். அதன் ஒலியையோ ஒருவர் ஒலிக்க மற்றொருவர் கேட்டே கற்க இயலும். பெற்றோரின் பணி நிமித்தம் பிற மாநிலத்தில் வாழும் உங்களுக்குத் தமிழொலி பெரும்பாலும் வீட்டில்தான் கிடைக்கிறது. வீட்டில் அவ்வொலி நின்றால் ஏட்டிலுள்ள எழுத்து அதனை மீட்டுத் தராது. பழைய இசைக்குப் புதிய கைகள் வேண்டும்; பழைய மொழிக்குப் புதிய நாவுகள் வேண்டும்.

சொற்பொருள்
அங்காடி – கடைத்தெரு
பிறழாமல் – மாறாமல்
நிமித்தம் – காரணமாக
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்

வினாக்கள்
1. நவராத்திரி மண்டபத்தில் மாறுவது எது? மாறாதது எது?
2. எதிரொலிக் கருவி இயங்கும் முறையை விளக்குக.
3. ‘போலச் செய்தல்’ இழிவானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு
உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் ஒரு தாலாட்டையோ நாட்டுப்பாடலையோ கேட்டு, அவர்கள் பாடியவாறே வகுப்பில் பாடிக் காட்டுக. எவ்விடத்தில் ஒலி மாறுபட்டது என்பதை அவர்களிடமே கேட்டுக் குறித்து வருக.