மாடியில் சோலார்: வயரிங், எர்த்திங் கவனம்

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் என்று எல்லாவற்றையும் விசாரிப்போம். அதைச் செருகப் போகும் பிளக் பாயிண்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க மாட்டோம். சோலார் விஷயத்திலும் இதே கதைதான். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் என்று 2024-ல் அறிவிப்பு வந்தபிறகு, புதுக்கோட்டை மாவட்டத்தில் என்னிடம் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்பவர்கள் சோலார் பற்றியும் கேட்கிறார்கள். பேனல் எத்தனை வாட், இன்வெர்ட்டர் எந்த கம்பெனி என்பார்கள். எர்த்திங் பற்றிக் கேட்டவர் மிகக் குறைவு. உயிருக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது என்பதால் இந்தக் கட்டுரை.

டிசி மின்சாரம் ஏன் ஆபத்தானது?

540 வாட் பேனல் ஒன்று திறந்த நிலையில் சுமார் 49 வோல்ட் தரும். 6 பேனல்களைத் தொடராக இணைத்தால் ஏறக்குறைய 300 வோல்ட் டிசி. நம் வீட்டு ஏசி மின்சாரம் ஒரு விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அதனால் ஏசியில் தீப்பொறி எழுந்தாலும் அணைய வாய்ப்பு உண்டு. டிசி பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. லூசான கனெக்டரில் எழும் பொறி தொடர்ந்து எரியும், பிளாஸ்டிக்கை உருக்கும், தீயாகும்.

இன்னொன்று, வெயில் இருக்கும்வரை பேனலை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. கீழே ஐசொலேட்டரை அணைத்தாலும், பேனலிலிருந்து அதுவரை வரும் கேபிளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். எனவே மின்சாரம் ஓடும்போது எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. முதலில் ஏசி பிரேக்கர், அடுத்து டிசி ஐசொலேட்டர் என்ற வரிசையில் அணைக்க வேண்டும்.

கேபிள் தேர்வு

மாடிக்கு வீட்டு வயர் ஆகாது. வெயிலில் அதன் மேலுறை வெடித்துவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சோலார் டிசி கேபிள்தான் வேண்டும். கனமும் முக்கியம். 4 ஸ்கொயர் எம்எம் செப்பு கேபிளின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 5 ஓம். பேனலிலிருந்து இன்வெர்ட்டர் 20 மீட்டர் என்றால் போக, வர 40 மீட்டர், அதாவது 0.2 ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 2.6 வோல்ட். ஓடும் நிலையில் உள்ள 250 வோல்ட்டில் இது 1 சதவீதம்தான். தாராளமாகப் போதும்.

என் உறவினர் வீடு கீரமங்கலம் பக்கம். அங்கே மழை பெய்த மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் ஓடாமல் இன்சுலேஷன் பிழை காட்டும். 10 மணிக்குமேல் தானாகச் சரியாகிவிடும். மாடியில் ஏறிப் பார்த்தேன். கிளாம்ப்பின் கூர்மையான ஓரத்தில் உராய்ந்து கேபிளின் தோல் போயிருந்தது. ஈரத்தில் மின்சாரம் இரும்புச் சட்டத்துக்குக் கசிந்திருக்கிறது. சட்டம் எர்த் செய்யப்பட்டிருந்ததால்தான் இன்வெர்ட்டரால் கசிவைக் கண்டுபிடிக்க முடிந்தது. எர்த் இல்லாவிட்டால் எச்சரிக்கை வராது. சட்டத்தைத் தொட்டவருக்கு ஷாக்தான் வரும்.

பேனல் சட்டத்தை இணைப்பது

பேனலைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தின் மேல் ஆனடைஸ்டு பூச்சு இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்ட்ரக்சரில் போல்ட் போட்டதே எர்த் ஆகிவிடாது. சட்டத்தில் எர்த் குறி போட்ட ஓட்டை இருக்கும். அதில் பூச்சைக் கீறிப் பிடிக்கும் பல் வாஷர் போட்டு, ஒவ்வொரு பேனலையும் பச்சை வயரால் இணைக்க வேண்டும். வெறும் செம்பை அலுமினியத்தின் மேல் நேராக முறுக்கினால் ஈரத்தில் அரித்துவிடும். ஈயம் பூசிய லக், ஸ்டெயின்லெஸ் போல்ட் பயன்படுத்துங்கள்.

மூன்று குழிகள், ஒரே மட்டம்

டிசி பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று எர்த் குழிகள் தோண்டுவது வழக்கம். எர்த் தடை 5 ஓமுக்கு மேல் போகக்கூடாது. இதில் பலர் விட்டுவிடும் விஷயம், இந்தக் குழிகளை மண்ணுக்குக் கீழே ஒன்றோடொன்று இணைப்பது. இடி விழும்போது ஒரு குழியின் மின்னழுத்தம் சட்டென்று எகிறும். மற்றவை தாழ்ந்தே இருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர், மோடம், கம்ப்யூட்டர் வழியாகப் பாயும். இணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே உயரும், சேர்ந்தே தாழும். இடிதாங்கியின் கம்பி டிசி கேபிளை ஒட்டி இறங்கக்கூடாது. டிசி, ஏசி இரண்டு பெட்டிகளிலும் எஸ்பிடி எனும் சர்ஜ் காப்பான் வேண்டும்.

5 ஓம் கணக்கு எளிது. எர்த் தடை 50 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர்தான் கசியும். 16 ஆம்பியர் எம்சிபி விழவே விழாது. 5 ஓம் என்றால் 46 ஆம்பியர், எம்சிபி விழும். ஆனால் அதற்கும் சில விநாடிகள் ஆகலாம். உயிர் காக்க அது போதாது என்பதால் ஆர்சிசிபியும் அவசியம். எந்த வகை என்பதை இன்வெர்ட்டர் கையேட்டில் பாருங்கள்.

நம் மாவட்டத்து மண்

நார்த்தாமலை, சித்தன்னவாசல் பக்கம் பாறை. 3 மீட்டர் குழாய் இறங்காது. பல எலக்ட்ரோடுகளை, குறைந்தது அவற்றின் நீளத்துக்குச் சமமான இடைவெளியில் பதித்து இணைக்க வேண்டும். சுற்றிலும் பென்டோனைட் போன்ற ஈரம் காக்கும் கலவை போடலாம். உப்பு கொட்டினால் மழையில் கரைந்துபோகும், குழாயையும் அரிக்கும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரையோரத்தில் தடை எளிதில் குறையும். ஆனால் உப்புக்காற்று போல்ட்டுகளைத் தின்னும். எங்கே இருந்தாலும் எர்த் டெஸ்டர் வைத்து மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் எந்தக் குழியும் நல்ல அளவுதான் காட்டும்.

கரண்ட் போனால்?

2018 நவம்பர் 16-ல் வந்த கஜா புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. சோலார் இருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை என்று நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாத கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். இது குறைபாடு அல்ல. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. இதை ஏமாற்ற ஜெனரேட்டரையோ யுபிஎஸ்ஸையோ குறுக்கே இணைக்காதீர்கள். அந்த வசதி வேண்டும் என்றால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு குழியின் எர்த் அளவு, டிசி கேபிளின் இன்சுலேஷன் அளவு, வயரிங் வரைபடம். மூன்றையும் இன்வெர்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அடுத்து பழுது பார்க்க வருபவருக்கு அதுதான் வழிகாட்டி.