கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அமெரிக்காவில் அரசு நிதியில் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியரின் கண்டுபிடிப்பு, தானாகவே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகிவிடுமா?

பதில்: ஆகாது. 1980-இல் வந்த பே-டோல் சட்டப்படி அது தானாகவே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகிவிடும் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமே வாதாடிப் பார்த்தது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதலில் உரிமை, கண்டுபிடித்தவருக்கே. அவர் எழுதிக் கொடுத்தால்தான் மற்றவருக்கு.

வழக்கின் கதை இது. ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியின் அளவைக் கணக்கிடும் முறை யாருக்குச் சொந்தம் என்பதே சிக்கல். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஆய்வாளர், கண்டுபிடிப்புகளின் உரிமையை ‘எழுதித் தரச் சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்திட்டிருந்தார். பிறகு பி.சி.ஆர். நுட்பம் கற்றுக்கொள்ள சீட்டஸ் நிறுவனத்துக்குப் போனார். உள்ளே அனுமதிக்க அவர்கள் கையெழுத்து வாங்கிய தாளில் இருந்ததோ, ‘இதன் மூலம் எழுதித் தருகிறேன்’. முந்தையது வெறும் வாக்குறுதி; பிந்தையது உரிமையை அப்போதே கொடுத்துவிடுவது. சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலைப் பின்னாளில் ரோஷ் நிறுவனம் வாங்கியது. அந்தத் தாள் தந்த உரிமையும் கூடவே ரோஷுக்குப் போனது. ஸ்டான்ஃபோர்டு தோற்றது.

தீர்ப்பு நியாயமானது என்பேன். மூளையைக் கசக்கியவரின் உரிமையை, அவர் கையெழுத்தில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதிக் கொடுத்தாலும் அவர் வெறுங்கையோடு நிற்பதில்லை: உரிமத்தில் வரும் பணத்தை, செலவு போக, கண்டுபிடித்தவர், அவர் துறை, அவர் கல்லூரி என்று மூன்றாகப் பிரிப்பது ஸ்டான்ஃபோர்டின் வழக்கம். வெளி ஆய்வகத்துக்குப் போகிறவர்கள், அங்கே நீட்டப்படும் படிவத்தைத் தங்கள் பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அலுவலகத்தில் காட்டிவிட்டுக் கையெழுத்திடட்டும்.