மலைச் சிகரங்களிற் கம்பியில்லா வலை

2003-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ஆம் தேதி மாலையில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கலிபோர்னியாவிலுள்ள கிளீவ்லண்டு வனத்தில் வழிதப்பிய வேட்டைக்காரர் ஒருவர், தாம் இருக்குமிடத்தைப் பிறர் அறியும்பொருட்டுச் சிறு நெருப்பு ஒன்று மூட்டினார். மழை கண்டு பல மாதங்களாகிவிட்டமையால் மலைப்புதர்கள் யாவும் சருகாய் நின்றன. பாலைநிலத்தினின்று கடலை நோக்கி வீசும் ‘ஸாண்டா ஆனா’ என்னும் வறண்ட காற்றும் சேர்ந்துகொண்டது. ‘சீடார்த் தீ’ எனப் பின்னர் வழங்கப்பெற்ற அந்நெருப்பு 2,73,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்து, 2,200-க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. பதினைந்து பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய தீயை எதிர்ப்பவர்களுக்கு நீரும் ஆளும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு செய்தியும் வேண்டும். தீ எந்த மலைச்சரிவில் நிற்கிறது, காற்று எத்திசையில் எவ்வேகத்தில் வீசுகிறது, அடுத்த கணவாயில் நிற்கும் நம் ஆட்களுக்குப் பின்வாங்க வழி உண்டா என்பனவற்றை நாழிகை தவறாமல் அறிதல் வேண்டும். மலைநாட்டில் தந்திக்கம்பி செல்லாத இடங்களே மிகுதி. சென்ற இடங்களிலும் கம்பந்தான் முதலில் எரிந்து விழும். ஆகவே கம்பியில்லா மார்க்கமே அங்குப் பொருந்தும். அத்தகைய மார்க்கம் ஒன்று அப்பகுதியில் தோன்றிய வரலாற்றையும், அது வேலைசெய்யும் முறையையும், அதைக் காப்பதிலுள்ள தொல்லைகளையும் பௌதிகம் பயிலும் நம் மாணவர்களுக்கு ஒருவாறு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மார்க்கம் தீயை நினைத்துத் தொடங்கப்பட்டதன்று. 2000-ஆம் ஆண்டில் ஹான்ஸ்-வெர்னர் பிரௌன், பிராங்க் வெர்னன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் பொருளுதவியைப் பெற்று, ஸான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் இதனைத் தொடங்கினர். முன்னவர், 1980-களில் அமெரிக்கச் சர்வகலாசாலைகளைக் கணிப்பொறி வலையால் இணைத்த பணியில் முன்னின்றவர். பின்னவர் பூகம்ப சாஸ்திரி. ஸான் ஜஸிந்தோ என்னும் நிலப்பிளவின் ஓரமாக மலைகளில் வைக்கப்பட்ட பூகம்பமானிகளின் செய்தி கணத்துக்குக் கணம் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டும் என்பது அவர் கவலை. இருவரும் கூடி அமைத்த வலைக்கு ‘உயர்திறன் கம்பியில்லா ஆராய்ச்சிக் கல்வி வலை’ என்னும் பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயர் உண்டு. அதைச் சுருக்கி ‘எச்.பி.ரென்’ என்பர்.

விஞ்ஞானிகள் தம் கருவிகளை மனிதர் இல்லாத இடத்திலேயே வைக்க விரும்புவர். ஊர் விளக்கு வானசாஸ்திரிக்குப் பகை. சாலை வண்டியின் அதிர்ச்சி பூகம்ப சாஸ்திரிக்குப் பகை. ஆதலால் கருவி நன்றாக வேலைசெய்யும் இடத்தில் தந்தி இராது, தந்தியுள்ள இடத்தில் கருவி நன்றாக வேலைசெய்யாது. 200 அங்குலத் தொலைநோக்கிக்குப் பெயர்பெற்ற பாலமார் மலைக்கு இவ்வலை சென்றது. அங்குள்ள 48 அங்குலத் தொலைநோக்கியில் 112 ஒளியுணர் தகடுகள் கொண்ட பெரிய காமிரா ஒன்று 2003 முதல் 2008 வரையில் வானத்தைப் படமெடுத்தது. அப்படங்கள் மலையைவிட்டு இறங்கிய வழி இக்கம்பியில்லா வழியே. சூரியனுக்கு வெகு தூரத்திற் சுற்றும் ‘ஸெட்னா’ என்னும் சிறு கிரகம் 2003 நவம்பர் 14-ஆம் தேதி எடுத்த படங்களிற் கண்டுபிடிக்கப்பட்டது. சீடார்த் தீ மூண்டு அன்றைக்கு மூன்று வாரமே ஆகியிருந்தது.

இவ்வலை பாலா, ரின்கான், லா ஹோயா என்னும் ஆதிக்குடிகளின் ஊர்களுக்கும் சென்றது. அக்குடியினர் பிறர் அமைத்துத் தந்ததைப் பெற்றுக்கொண்டு வாளா இருக்கவில்லை. தம் இளைஞர்களைக் கோபுரம் ஏறவும் கருவி பொருத்தவும் பழக்கி, 2001 முதல் தமக்கென ஒரு வலையையே வளர்த்துக்கொண்டனர். இதனை நான் வலையின் பெரும் பயன்களுள் ஒன்றாக எண்ணுகிறேன்.

தீயணைப்போர் இவ்வலையை நாடியது பின்னரே. 2003 ஜூலையில் ‘கையோட்டித் தீ’ மூண்டபோது, மலைநடுவே அமைந்த தீயணைப்புப் பாசறைக்கு இவ்வலையிலிருந்து ஒரு கிளை இழுத்துக் கொடுக்கப்பட்டது. பாசறை என்பது சில நாட்களுக்குள் எழும்பும் கூடார நகரம். நூற்றுக்கணக்கானோருக்கு உணவும் படுக்கையும், மறுநாள் வேலைக்குரிய படமும் அங்கிருந்தே தரவேண்டும். வலை இல்லையேல் புதிய நிலப்படத்துக்காக ஒருவர் வண்டியிலேறி நகரத்துக்குப் போய்வர வேண்டியதுதான். அவர் திரும்புவதற்குள் தீ அப்படத்தைப் பழையதாக்கிவிடும்.

பாசறைக்கு அவ்வளவு விரைவில் கிளை கிடைத்ததன் காரணத்தை ஊன்றி நோக்கவேண்டும். அடிமரம் முன்னரே நின்றது. நின்றதுமட்டுமன்றி, நாள்தோறும் உபயோகத்தில் இருந்தது. ஆபத்துக்கென்று பெட்டியிற் பூட்டிவைக்கப்பட்ட கருவியின் பாட்டரி செத்துப்போனது ஆபத்து வந்த அன்றுதான் தெரியவரும். வானசாஸ்திரியோ ஒவ்வோர் இரவும் படம் அனுப்புகிறவர். ஒரு சிகரத்தில் யந்திரம் ஓய்ந்தால் விடிவதற்குள் முறையிட்டுவிடுவார். அவருடைய முறையீடு தீயணைப்போருக்கு ஊதியமில்லாக் காவல்.

இனி, வலை வேலைசெய்யும் முறையைப் பார்ப்போம். இங்கு வழங்கும் மின்காந்த அலைகள் மிகக் குறுகியவை. வினாடிக்கு 240 கோடி முறை அதிரும் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இவ்வலைகள் ஒளியைப்போலவே ஏறக்குறைய நேர்க்கோட்டிற் செல்வதால், ஒரு சிகரத்திலுள்ள ஏரியல் கிண்ணம் மற்றொரு சிகரத்திலுள்ள கிண்ணத்தை இடையீடின்றிக் காணவேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று தொடக்கக்காரர் நினைப்பர், அது பிழை. அலை செல்லும் வழி நூலைப்போன்றதன்று; நடுவே பருத்த கதிரைப்போன்றது. இரு முனைகளுக்கும் 20 கிலோமீட்டர் தூரமாயின், மேற்சொன்ன அலைக்கு நடுவிடத்தில் அக்கதிரின் ஆரம் 25 மீட்டர். அதனுள் மரமோ பாறையோ மிகுதியாக நுழைந்தால், எதிர்ச் சிகரம் கண்ணுக்குத் தெரிந்தபோதிலும் செய்தி குன்றும். பூமியின் வளைவையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவே பூமி ஏறக்குறைய 150 மீட்டர் புடைத்து நிற்கும்; இது காற்றில் அலை சிறிது வளைவதையும் கழித்துக் கண்ட கணக்கு. கடற்கரையிலிருந்து ஸான் கிளமெண்டித் தீவுக்கு 72 மைல் தூரம் ஒரே தாவலில் இவ்வலை சென்றது என்றால், இரு முனைகளையும் எவ்வளவு உயரத்தில் நிறுத்தியிருக்கவேண்டும் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மின்சாரமே அடுத்த தொல்லை. சூரிய ஒளியால் இயங்கும் ஒரு நிலையத்தில் ஏரியலும் காமிராவும் சேர்ந்து 30 வாட் உண்கின்றன என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 720 வாட்-மணி. 12 வோல்ட்டுப் பாட்டரியில் இது 60 ஆம்பியர்-மணி. மூன்று நாள் மேகமூட்டம் நீடித்தால் 180 வேண்டும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையுமாதலால் 360 ஆம்பியர்-மணி வைக்கவேண்டும். குளிர்காலத்தில் முழு வெயில் நாளுக்கு நான்கு மணி நேரமே கிடைப்பதாயின், அன்றாடச் செலவுக்கே 180 வாட் தகடு வேண்டும். வற்றிய பாட்டரியை மீண்டும் நிரப்ப அதைப்போல் இரு மடங்கு வைப்பது நலம். முப்பது வாட் என்பது ஒரு சிறு விளக்குக்குரிய அளவு. அதற்கு மலையுச்சிக்கு எவ்வளவு பாரம் சுமக்கவேண்டியிருக்கிறது, பாருங்கள்!

அமைப்பதோடு வேலை முடியுமாயின் நன்று. காற்று கிண்ணத்தைச் சிறிது திருப்பிவிடும். ஒரு பாகை விலகினால் 30 கிலோமீட்டருக்கு அப்பால் குறி அரைக் கிலோமீட்டர் தவறும். பனி கிண்ணத்தில் உறைந்து அதன் வடிவத்தைக் கெடுக்கும். எலி கம்பியின் உறையைக் கடிக்கும். இடி விழும், கோபுரத்தைத் தாமிரப் பட்டையால் நிலத்தோடு இணையாதவர் அன்றே யந்திரத்தை இழப்பர். உரிமை பெறாமல் எவரும் உபயோகிக்கக்கூடிய அலைகளாயின், பள்ளத்தாக்கிலுள்ள வீடுகளின் கருவிகளும் அதே அலையிற் பேசத் தொடங்கி இரைச்சலை வளர்க்கும். எல்லாவற்றினும் மெதுவான பகை மரம். கட்டிய ஆண்டில் வழிக்குக் கீழே நின்ற ஊசியிலை மரம் பத்தாண்டில் வழிக்குள் தலைநீட்டும். வலை ஒரே நாளிற் கெடாமல் நாளுக்கு நாள் நலிவதால் காரணம் எளிதில் விளங்காது.

பனிக்காலத்தில் சிகரத்துக்குப் போகும் பாதை அடைபடும். ஆதலால் யந்திரம் மயங்கிப்போனால் அதுவே தன் மின்சாரத்தை நிறுத்தி மீளத் தொடங்கும்படி சிறு காவற்கடிகாரம் ஒன்றை வைப்பர். ஒவ்வொரு முக்கிய சிகரத்துக்கும் இரு வழிகள் அமைத்து, ஒன்று அற்றால் மற்றொன்றாற் செய்தி செல்லும்படி செய்வர். புதிய கோபுரத்தைத் திறந்துவைப்பவரின் படம் பத்திரிகையில் வரும். ஐந்தாம் ஆண்டில் பழைய பாட்டரியை முதுகிற் சுமந்து இறக்கியவரின் படத்தை நான் இதுவரை கண்டதில்லை.

வலை செல்லும் சிகரங்களிற் காமிராக்களும் வந்தன. நான்கு திசைக்கும் நான்கு வைத்து இடையறாது படம் அனுப்பச் செய்தனர். ஒரு காமிராவிற் புகை தெரிந்தால் திசை கிடைக்கும். இரண்டிற் தெரிந்தால் இரு கோடுகளும் வெட்டுமிடமே தீ. காற்றுமானியும் ஈரமானியும் உடனிருப்பதால், காற்று மிஞ்சி ஈரம் குறையும்போது எச்சரிக்கை தானே செல்லுமாறும் அமைத்தனர். பின்னர் இத்தகைய காமிராக்கள் கலிபோர்னியா முழுவதும் பரவி, 2023-இல் ஆயிரத்துக்கு மேற்பட்டன. அவ்வளவு படங்களையும் மனிதர் கண்ணால் நோக்குதல் இயலாது. ஆகவே புகையைக் கண்டறியக் கணிப்பொறியைப் பழக்கி, அது சந்தேகிப்பதைத் தீயணைப்பு அதிகாரி பார்த்து உறுதிசெய்யும் முறையைக் கையாண்டனர்.

அவ்வாண்டு ஜூலையில் ஒருநாள், பின்னிரவு மூன்று மணிக்கு, ஊரெல்லாம் உறங்கும் வேளையில், ஸான் டியேகோவுக்குக் கிழக்கே 50 மைல் தூரத்தில், அதே கிளீவ்லண்டு வனத்தில் ஒரு தீ எழுந்தது. தொலைபேசியில் எவரும் சொல்லவில்லை. கணிப்பொறி காட்டிய படத்தைக் கண்ட அதிகாரி, ஏழு தீயணைப்பு வண்டிகளோடு ஏறக்குறைய 60 பேரை அனுப்பினார். நாற்பத்தைந்து நிமிஷத்தில் தீ அணைந்தது.