கணக்கில் ‘ஏன்’ என்னும் வினா

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குத் தெற்கே அமைந்திருப்பது சென்னைத் துறைமுகம். அதன் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1ஆம் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். 1913 சனவரி 16ஆம் நாளிட்டு அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு விடுத்த கடிதத்தில் தேற்றங்கள் மிகுதி, நிறுவல்களோ இல்லை. ஹார்டி தம் மறுமொழியில் வற்புறுத்திக் கேட்டது நிறுவல்களையே.

இதனை வெள்ளையரின் ஐயப்பாடு என்று குறைகூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கணிதத்தில் சொல்வாரது பெருமை சான்றாகாது. அக்கடிதக் கூற்றுகளுள் பல வியக்கத்தக்க உண்மைகள். பகா எண்களின் எண்ணிக்கை பற்றிய கூற்றோ பிழையுடையது. இரண்டும் ஒரே பேரறிவில் தோன்றியவை. அவற்றைப் பிரித்துக் காட்ட நிறுவலன்றி வேறு கருவி ஏது?

இராமானுசன் இளமையில் கற்ற கார் என்பாரின் நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை மிகச் சுருங்கிய விளக்கத்துடன் அடுக்கித் தருவது. கற்ற நூலின் நடையே கற்றவரின் நடையுமாயிற்று. சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் துடைத்துவிட்டு, முடிவை மட்டும் ஏட்டில் குறித்தார். ஆயினும் இங்கே நாம் போற்றத்தக்கது ஹார்டியின் ஆசிரியப் பண்பு. வற்புறுத்தல் அளவு கடந்தால் மாணவரின் தன்னம்பிக்கை குலையுமே என அவர் அஞ்சினார்; நிறுவல் நெறியை உணர்த்தும்போதே தாமும் அவரிடம் கற்றதாக ஒப்பினார்.

காரணம் காட்டும் இம்மரபு மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுவையும் அதன் குற்றங்களையும் வகுத்துரைக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இருபடிச் சமன்பாட்டின் தீர்வுக்கு விதி சொன்னதோடு நில்லாது, சதுரங்கள் வரைந்து அவ்விதி பொருந்துமாற்றையும் விளக்கினார். கற்பவன் காரணம் கேட்கும் உரிமையுடையவன் என்று அவர் கொண்டிருந்தமை இதனால் புலனாகும்.

நம் வகுப்பறையில் நிகழ்வது யாது? தேற்றம் மனப்பாடப் பகுதியாகிவிட்டது. முக்கோணத்தின் பெயரைக் கஙச என்பதினின்று பமவ என மாற்றிவிட்டால் மாணவர் திகைக்கின்றனர். மதிப்பெண் வந்துவிடுகிறது, ஐயம் மட்டும் பிறக்கவேயில்லை.

இக்குறையைக் களைய முனைந்தவர் பி. கே. சீனிவாசன். முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக விளங்கிய அவர், காசிமேட்டுக்கு அணித்தான இராயபுரத்தில் 1993இல் இராமானுசன் அருங்காட்சியகத்தை நிறுவினார். நாட்காட்டியைக் கொண்டே எண்களின் இயல்பை உணர்த்தும் நூலொன்றும் எழுதினார்.

நாட்காட்டி எந்த வீட்டுச் சுவரிலும் உண்டு, செலவில்லை. அதில் 8, 9 என்பவற்றையும், அவற்றின் கீழுள்ள 15, 16 என்பவற்றையும் சதுரமாகக் கொள்க. குறுக்கே பெருக்கினால் 9×15=135; 8×16=128. வேறுபாடு 7. வேறு சதுரங்களிலும் 7 வரக் கண்டு மாணவர் மகிழ்வர். ஆசிரியர் விரைந்து காரணம் கூறிவிடலாகாது. பத்து முறை வந்தது பதினோராம் முறையும் வருமா என்று கேட்டுக் காத்திருத்தல் வேண்டும். பின்னர் முதல் எண்ணை ‘அ’ எனக் கொண்டால் ஏனையவை அ+1, அ+7, அ+8 ஆகும். (அ+1)(அ+7) என்பது அ²+8அ+7; அ(அ+8) என்பது அ²+8அ. எஞ்சுவது 7. இனி எம்மாதத்து நாட்காட்டியையும் புரட்ட வேண்டியதில்லை.

மூன்றுக்கு மூன்றாகச் சதுரத்தை விரித்து, மூலை எண்களைக் குறுக்கே பெருக்கினால் வேறுபாடு 28 ஆகிறது. அதற்குரிய காரணத்தை இம்மலரைப் படிக்கும் மாணவர் தாமே எழுதிப் பார்ப்பாராக.