மீன் தொட்டிப் பொம்மைக்கு எந்தப் பெயிண்ட்?

விழிஞ்ஞம் கடற்கரை ஊர். கடல் மீனைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் சொல்ல வேண்டாம். சாளை, நெத்தலி, சூரை என்று குழந்தைகூடப் பெயர் சொல்லும். ஆனால் கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன் வேறு. அதை நாம் சாப்பிடுவதில்லை. பார்த்து மகிழ்கிறோம். சிலர் குஞ்சு எடுத்து விற்று நாலு காசும் பார்க்கிறார்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. சாகரிகா என்ற மீன் காட்சிச்சாலையை அமைத்தது அந்த நிலையம்தான். கோமாளி மீன் போன்ற அழகு மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் ஆராய்ச்சியும் அங்கே நடந்திருக்கிறது.

தொட்டியில் மீனோடு பொம்மைகளும் வைக்கிறோம். கோட்டை, குகை, பாலம், உடைந்த கப்பல். இவை வெறும் அழகுக்கு மட்டும் அல்ல. மீன் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒளிய இடம் இல்லாத மீன் பயந்துகொண்டே இருக்கும்.

நாள் ஆக ஆகப் பொம்மையின் நிறம் போய்விடும். புதிது வாங்கப் பணம் வேண்டும். பழையதற்கே பெயிண்ட் அடிக்கலாமா? அடிக்கலாம். ஆனால் எந்தப் பெயிண்ட் என்று தெரிந்து அடிக்க வேண்டும்.

படகு பெயிண்ட் ஆகுமா?

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்: “மக்களே, வள்ளத்துக்கு அடிச்ச பெயிண்டு கொஞ்சம் மிச்சம் கிடக்கு. உப்புத் தண்ணியிலேயே போகாத பெயிண்டு. தொட்டியில போயிருமா?”

நல்ல கேள்வி. பெயிண்ட் போகாது. மீன்தான் போய்விடும்.

காரணம் இதுதான். படகின் அடிப்பக்கம் எப்போதும் நீரில் இருக்கிறது. அதில் பாசி பிடிக்கும். சிப்பி ஒட்டும். கல்போல ஒட்டி வளரும் கொட்டலசும் ஒட்டும். அப்போது படகு கனக்கும். வேகம் குறையும். எண்ணெய்ச் செலவு கூடும். இவை ஒட்டாமல் இருக்க, அடிப்பக்கத்துக்கு என்றே தனிப் பெயிண்ட் செய்கிறார்கள். அதில் வேண்டுமென்றே நஞ்சு சேர்க்கிறார்கள். பெரும்பாலும் அது செம்பு கலந்த பொருள். பெயிண்டிலிருந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரையும். அதனால்தான் உயிர்கள் ஒட்டுவதில்லை.

கடல் பெரியது. அங்கே நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் 50 லிட்டர்தான் இருக்கிறது. அதே நீரில்தான் மீன் இரவும் பகலும் மூச்சு விடுகிறது. செம்பு முதலில் நத்தையையும் இறாலையும் கொல்லும். பிறகு மீனின் செவுளைக் கெடுக்கும்.

செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். நாம் அந்த நீரைக் குடிக்கிறோம். மீன் அந்த நீருக்குள்ளேயே வாழ்கிறது. இரண்டும் ஒன்று அல்ல.

முன்பு இதைவிடக் கொடிய படகு பெயிண்டும் இருந்தது. அதில் ஈயம்பூசப் பயன்படும் வெள்ளீயம் சேர்ந்த ஒரு நஞ்சு இருந்தது. டி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிரான்சு நாட்டில் ஆர்க்கஷோன் என்று ஒரு விரிகுடா உண்டு. அங்குள்ள மக்கள் சிப்பி வளர்த்துப் பிழைப்பவர்கள். 1970-களில் அங்கே சிப்பியின் ஓடு கோணலாகத் தடித்தது. குஞ்சுச் சிப்பிகள் பிழைக்கவில்லை. படகு பெயிண்ட்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1982-இல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயிண்டை அந்த நாடு தடுத்தது. 2001-இல் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. 2008 செப்டம்பர் 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பாறையில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். ஒரு விரிகுடாவையே கெடுத்த பெயிண்ட் அது!

வேறு பெயிண்டுகள்

கதவுக்கும் சன்னலுக்கும் அடிக்கும் எனாமல் பெயிண்ட் வேண்டாம். துரு பிடிக்காமல் அடிக்கும் சிவப்புப் பூச்சும் வேண்டாம். சுவர்ப் பெயிண்ட் சிலவற்றில் பூஞ்சை பிடிக்காமல் மருந்து சேர்த்திருப்பார்கள். அதுவும் தொட்டிக்கு ஆகாது.

பழைய பெயிண்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது ஈயம். வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். தூசி பறக்கும். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். தேய்த்த இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

சரியான முறை

நிறத்துக்கு, குழந்தைகள் படம் வரையப் பயன்படுத்தும் அக்ரிலிக் வண்ணம் வாங்குங்கள். நஞ்சு இல்லாதது என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த வண்ணம் மட்டும் நீரில் நிற்காது. உரிந்துவிடும். அதன் மேல் ஒரு மூடி வேண்டும். அந்த மூடிதான் எபாக்சி.

எபாக்சி இரண்டு புட்டியாக வரும். ஒன்று பிசின். மற்றது கட்டியாக்கும் மருந்து. அதை ஹார்டனர் என்பார்கள். இரண்டையும் கலந்தால்தான் இறுகும். பைபர் வள்ளத்துக்குப் பூசும் ரெசின் பெரும்பாலும் வேறு வகை. அதன் நெடியே கடுமையாக இருக்கும். பொம்மைக்கு அதை எடுக்காதீர்கள்.

பொம்மையைத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு போடாதீர்கள். சோப்பு ஒட்டிக்கொண்டால் அதுவும் மீனுக்குக் கேடு. வெயிலில் 2 நாள் காய வையுங்கள். பிறகு வண்ணத்தை மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. அதன் பின் ஒரு நாள் விடுங்கள்.

இனி எபாக்சி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சமையலில் உப்பைக் கைக்கணக்காகப் போடுகிறோம். எபாக்சிக்குக் கைக்கணக்கு ஆகாது. ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மிஞ்சிய ஹார்டனர் சேராமல் தனியே நிற்கும். பிறகு நீரில் கசியும். அதுவும் நஞ்சு.

புட்டியில் ஆங்கிலமாகவே எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். 1:1 என்று இருந்தால் ஒரு பங்குக்கு ஒரு பங்கு. 2:1 என்று இருந்தால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. அது அளவா, எடையா என்று மட்டும் கடைக்காரரிடம் கேளுங்கள். மருந்து புட்டியோடு வரும் சின்ன அளவு மூடி இதற்கு வசதி. பிறகு அந்த மூடியை மருந்துக்கு எடுக்கக் கூடாது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காற்று வரும் இடத்தில் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் போதாது. உள்பக்கம், அடிப்பக்கம், இடுக்கு எல்லாம் மூட வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் நீர் உள்ளே போய் வண்ணத்தை உரிக்கும். ஆகவே இரண்டு பூச்சு நல்லது. இடவப்பாதி மழைக் காலத்தில் இந்த வேலை வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு பிசுபிசுக்கும், வெளுக்கும்.

ஒரு நாளில் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே இன்னும் இறுகியிருக்காது. புட்டியில் சொன்ன நாள் வரை விடுங்கள். பொதுவாக 7 நாள் தேவை. அதன் பிறகு ஒரு வாளி சுத்த நீரில் பொம்மையை ஒரு வாரம் போட்டு வையுங்கள். தினமும் பாருங்கள். நீரில் எண்ணெய்போல் படலம் மிதக்கிறதா? நெடி வருகிறதா? வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா? ஒன்று இருந்தாலும் தொட்டியில் வைக்காதீர்கள்.

தொட்டியில் வைத்த பிறகும் 3 நாள் மீனைக் கவனியுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் உடனே பொம்மையை எடுங்கள். பாதி நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்த நீர் கைவசம் இருப்பது நல்லது.

எதை வைக்கவே கூடாது?

கிறிஸ்துமஸ் குடிலில் மிஞ்சிய பொம்மைகளைச் சிலர் தொட்டியில் போடுகிறார்கள். அவை பெரும்பாலும் பிளாஸ்டர் பொம்மைகள். நீரில் ஊறிக் கரையும். புதிய சிமெண்ட் பொம்மையிலிருந்து சுண்ணாம்பு கசியும். அதை 3 வாரம் ஊற வைத்து, 2 நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றி, காய வைத்து, எபாக்சி பூசிய பிறகே வைக்கலாம். பவளப் பாறையும் கடல் விசிறியும் வலையில் சிக்கினாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. வைத்திருந்தாலே குற்றம்.

எனக்குப் பிடித்தது சுட்ட மண்சட்டிதான். பெயிண்ட் இல்லாத சின்னச் சட்டியைப் படுக்க வைத்தால் அதுவே குகை. கொதிக்க வைத்துக் கழுவிய சிரட்டையும் ஆகும். இரண்டுக்கும் செலவு அதிகம் இல்லை.

கணக்குப் போடுங்கள்

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். நீளம் 60, அகலம் 30, உயரம் 30 என்றால் 54 லிட்டர்.

1. நீளம் 90, அகலம் 30, உயரம் 40 உள்ள தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்?

2. புட்டியில் 2:1 என்று இருக்கிறது. 30 மில்லி கலவை வேண்டும். பிசின் எவ்வளவு? ஹார்டனர் எவ்வளவு?

3. திங்கட்கிழமை எபாக்சி பூசினீர்கள். 7 நாள் காய வேண்டும். பிறகு 7 நாள் வாளியில் ஊற வேண்டும். எந்தக் கிழமை தொட்டியில் வைக்கலாம்?